ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கு டி.பி.என்.: கணக்குப் போடுவதிலிருந்து லைன் எடுப்பது வரை

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து 108 வந்து நிற்கும்போது விடியற்காலை மூன்று மணி. குழந்தை 1100 கிராம், முப்பது வாரம். அம்மா பிரசவமான ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார், கூட வந்தது அப்பாவும் பாட்டியும் மட்டும். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதைவிட நூறு கிராம்தான் கூடுதல். எஸ்.என்.சி.யூ.வுக்கு (நோய்வாய்ப்பட்ட பச்சிளங்குழந்தைகள் வார்டு) புதிதாக மாற்றலாகி வரும் சிஸ்டர்களுக்கு மூச்சுக் கருவியைப் பார்த்தால் பயம். எனக்கு, பதினான்கு வருடம் கழித்து இன்றைக்கும், டி.பி.என். (வயிற்றுக்குப் பதில் நரம்பு வழியாகவே முழுச் சத்தையும் கொடுக்கும் கரைசல்) பாட்டிலைப் பார்த்தால்தான் பயம். மூச்சுக் கருவியில் தப்பு நடந்தால் அலாரம் அடித்து வார்டையே எழுப்பிவிடும். டி.பி.என். கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறிப் போனால் சத்தமே வராது, குழந்தைதான் மெதுவாகச் சொல்லும், அதுவும் நாம் பார்த்துக்கொண்டிருந்தால்.

இந்தக் குழந்தையையே வைத்துக்கொண்டு முதல் நாளிலிருந்து லைன் (சத்து போகும் நரம்புக் குழாய்) எடுக்கும் நாள் வரை சொல்லிவிடுகிறேன். ஆர்டர் எழுதுவது டாக்டர், சந்தேகமில்லை. ஆனால் கலப்பதும் மாட்டுவதும் ராத்திரி முழுக்கப் பார்ப்பதும் நாம்தான், அதனால் கணக்கு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் தரும் அளவுகள் பொதுவாக எல்லா இடத்திலும் புழங்குபவை. உங்கள் யூனிட்டில் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் வேறு அளவு இருந்தால், அந்தத் தாள்தான் உங்களுக்கு.

எதற்கு இத்தனை அவசரம்

வயிற்றில் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தை கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் சேர்த்து வைக்கும். முப்பது வாரத்தில் வெளியே வந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. ஒரு கிலோ குழந்தைக்கு ஒன்றுமே கொடுக்காவிட்டால் கையிருப்பு நாலைந்து நாளைக்குத்தான் வரும் என்பது பழைய கணக்கு. வெறும் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைத் தண்ணீர்) மட்டும் ஓடவிட்டால் சர்க்கரை சரியாக இருக்கும், மானிட்டரும் அழகாக இருக்கும், உள்ளே தினமும் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல் புரதம் கரைந்துகொண்டிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று நாள், நாலு நாள் வெறும் டிரிப்ஸிலேயே வைத்திருப்போம், “குழந்தை முதலில் நிலைக்கட்டும்” என்று. இப்போது பிறந்த சில மணி நேரத்துக்குள் அமினோ அமிலம் (புரதச் சத்து) ஓட ஆரம்பித்துவிட வேண்டும் என்பதுதான் முறை.

இந்த வித்தை ஒன்றும் நேற்று வந்ததில்லை. கொழுப்புக் கரைசலை ஸ்வீடனில் அர்விட் வ்ரெட்லிண்ட் 1960களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டார். குடல் சரியாக அமையாமல் பிறந்த ஒரு குழந்தையை நரம்பு வழியாகவே வளர்க்க முடியும் என்று பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக்கும் டக்ளஸ் வில்மோரும் 1968இல் எழுதினார்கள். நம் பக்கத்து வார்டுகளுக்கு அது வந்து சேர ரொம்ப நாள் ஆயிற்று, அவ்வளவுதான்.

எல்லாக் குழந்தைக்கும் வேண்டாம்

1400 கிராம், நன்றாக மூச்சு விடுகிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது, அம்மா பக்கத்து வார்டிலேயே இருக்கிறார், பால் வருகிறது என்றால் டி.பி.என். இல்லாமலே போய்விடலாம். நாளுக்குக் கிலோவுக்கு 30 மில்லி வீதம் பாலை ஏற்றிக்கொண்டு போனால் ஐந்தாறு நாளில் முழுப் பாலுக்கு வந்துவிடும். 1250க்குக் கீழே, அல்லது நோய்வாய்ப்பட்ட குழந்தை, கர்ப்ப காலத்தில் ரத்த ஓட்டம் குறைந்து மெலிந்து பிறந்தது, வயிறு உப்பிப் பால் நிறுத்தியது, இவற்றுக்குத்தான் தயங்காமல் போட வேண்டும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன், சிலருக்குப் பிடிக்காது. லாமினார் ஃப்ளோ (கிருமி வராமல் வடிகட்டிய காற்றில் மருந்து கலக்கும் மேடை) வேலை செய்யவில்லை, கைகழுவ எல்போ டேப் (முழங்கையால் திறக்கும் குழாய்) இல்லை, ராத்திரியில் ஒரு சிஸ்டர் பன்னிரண்டு குழந்தையைப் பார்க்கிறார் என்கிற இடத்தில் டி.பி.என். கலக்காதீர்கள். டெக்ஸ்ட்ரோஸ் போட்டுச் சூடாக வைத்து, சீம்பாலை ஆரம்பித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசி அனுப்புங்கள். கிருமி கலந்த சத்து, சத்தே இல்லாததைவிட மோசம்.

முதலில் மூன்று காரியம்

வந்ததும் எடை. பாட்டி சொன்ன எடை, ரெஃபரல் சீட்டில் இருக்கும் எடை எதையும் நம்பாமல் நம் தராசில் நாமே போட வேண்டும், ஏனென்றால் மொத்தக் கணக்கும் அந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது. அப்புறம் சூடு. உடம்பு குளிர்ந்திருந்தால் சர்க்கரை இறங்கும், கொடுக்கிற சத்தெல்லாம் சூடேற்றவே போய்விடும். மூன்றாவது குதிகால் குத்திச் சர்க்கரை. 45க்குக் கீழே என்றால் டி.பி.என். கலக்கும் வரை காத்திருக்க முடியாது, 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் உடனே ஓட வேண்டும்.

குத்தும்போது டெக்ஸ்ட்ரோஸ் ஓடுகிற காலில் குத்தாதீர்கள். அந்த லைனிலிருந்தே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் “சர்க்கரை 300, டாக்டர்” என்று கத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்துங்கள், முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். இந்தக் குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே 90, 95 மில்லிதான், அதனால் ஒரு மில்லி எடுத்தால் நூற்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். எதற்கு எடுக்கிறோம் என்று யோசித்துவிட்டு எடுங்கள், எடுத்ததை ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள்.

லைன்

பிறந்த முதல் நாளில் கைக்கு எளிதாகக் கிடைப்பது தொப்புள் சிரை. குழாயை எவ்வளவு ஆழம் விடுவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: கிலோ எடையை மூன்றால் பெருக்கி ஒன்பது கூட்டி, அதைப் பாதியாக்கி ஒன்று சேர்த்தால் சென்டிமீட்டர். நம் குழந்தைக்கு 7 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இது உத்தேசம்தான். எக்ஸ்ரே பார்க்காமல் டி.பி.என். மாட்டக் கூடாது. நுனி உதரவிதானத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். கல்லீரலுக்குள் திரும்பியிருந்தால் கெட்டியான சர்க்கரைத் தண்ணீர் கல்லீரலையே புண்ணாக்கும், இதயத்துக்குள் ரொம்ப உள்ளே போயிருந்தால் இதயத்தைச் சுற்றி நீர் கோத்து திடீரென்று குழந்தை சுருண்டுவிடும்.

ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்று தெரிந்தால் டாக்டர் குழந்தையின் கையிலோ காலிலோ பிக் லைன் என்கிற நீளமான மெல்லிய குழாயைப் போடுவார், நூல் மாதிரி இருக்கும். அதற்கு இரண்டே விதி: ரத்தம் ஏற்றக் கூடாது, 10 மில்லிக்குச் சின்ன சிரிஞ்சை வைத்துத் தள்ளக் கூடாது. சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாய் உள்ளேயே அறுந்துவிடும்.

சாதாரணக் கை நரம்பில் போடலாமா என்று கேட்பார்கள். ஓரிரு நாளைக்கு, டெக்ஸ்ட்ரோஸ் 12.5 சதவீதத்தைத் தாண்டாமல், கரைசலின் செறிவு லிட்டருக்கு 900 மில்லி ஆஸ்மோலைத் தாண்டாமல் என்றால் போடலாம். ஆனால் மணிக்கு ஒரு முறை அந்த இடத்தை விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். கால்சியம் கலந்தது நரம்புக்கு வெளியே கசிந்தால் தோல் வெந்துபோகும். தழும்போடு பெரியவளாகி வந்து நின்ற ஒரு பெண் குழந்தையின் கையை எனக்குத் தெரியும், அதனால் பிளாஸ்டரைச் சுற்றிச் சுற்றி ஒட்டி அந்த இடத்தை மூடிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கணக்கு

தாளும் பேனாவும் எடுங்கள். மொபைலில் போடலாம், ஆப் இருக்கிறது, எக்செல் இருக்கிறது, எல்லாம் சரி. முதல் ஒரு மாதம் கையால் போடுங்கள். எக்செல் தப்பான எடையைப் போட்டாலும் அழகான விடை தரும்.

எடை 1.1 கிலோ. முதல் நாள் திரவம் கிலோவுக்கு 80 மில்லி. ஆக 88 மில்லி, இருபத்து நாலு மணி நேரத்துக்கு. நாக்கில் தொட்டு வைக்கும் சீம்பாலையும் இரண்டு மணிக்கு ஒரு முறை போகும் ஒரு மில்லி பாலையும் நாங்கள் இதில் கழிப்பதில்லை.

முதலில் கொழுப்பை எடுத்துவிடுங்கள். கிலோவுக்கு 1 கிராம், அதாவது 1.1 கிராம். நம்மிடம் இருப்பது 20 சதவீதக் கரைசல், 5 மில்லியில் 1 கிராம். ஆக 5.5 மில்லி. இது தனி சிரிஞ்சில், மணிக்கு 0.23 மில்லி. இனி 88இல் 5.5 போக 82.5 மில்லி.

அமினோ அமிலம் கிலோவுக்கு 2 கிராம், 2.2 கிராம். 10 சதவீதக் கரைசல் என்பதால் 22 மில்லி. கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம், கிலோவுக்கு 4 மில்லி, 4.4 மில்லி. சோடியமும் பொட்டாசியமும் இன்றைக்கு வேண்டாம். சிறுநீர் நன்றாகப் பிரிந்து, எடை கொஞ்சம் இறங்கிய பிறகு, இரண்டாம் மூன்றாம் நாளில் வரும். 82.5இல் 26.4 போக 56.1 மில்லி மிச்சம். அந்த இடத்துக்குள்தான் சர்க்கரையை அடக்க வேண்டும்.

சர்க்கரையை முழுக்கணக்காகப் பார்க்காமல் நிமிஷக் கணக்காகப் பார்க்க வேண்டும். முறைத் தண்ணீர் மாதிரிதான்: மொத்தம் எத்தனை டி.எம்.சி. என்பது அப்புறம், வாய்க்காலில் இப்போது எவ்வளவு ஓடுகிறது என்பதுதான் பயிருக்கு முக்கியம். முதல் நாள் நிமிஷத்துக்குக் கிலோவுக்கு 6 மில்லிகிராம் வைத்துக்கொள்வோம். 6ஐ 1.1ஆல் பெருக்கி, ஒரு நாளின் 1440 நிமிஷத்தால் பெருக்கினால் 9504 மில்லிகிராம், 9.5 கிராம். 56.1 மில்லிக்குள் 9.5 கிராம் வர வேண்டும் என்றால் 10 சதவீதம் மட்டும் போதாது, 25 சதவீதத்தையும் சேர்க்க வேண்டும். 56.1 மில்லி முழுவதும் 10 சதவீதமாக இருந்தால் 5.61 கிராம்தான் வரும், குறைவது 3.89. ஒவ்வொரு மில்லி 10 சதவீதத்தை எடுத்துவிட்டு 25 சதவீதத்தை வைக்கும்போது 0.15 கிராம் கூடும். 3.89ஐ 0.15ஆல் வகுத்தால் 25.9. ஆக 25 சதவீதம் 25.9 மில்லி, 10 சதவீதம் 30.2 மில்லி.

இப்போது திருப்பிச் சரிபார்ப்பு, இதை விடவே கூடாது. 82.5 மில்லியில் 9.5 கிராம் என்றால் 11.5 சதவீதம். மணிக்கு 82.5ஐ 24ஆல் வகுத்து 3.44 மில்லி. மணி வேகத்தைச் சதவீதத்தால் பெருக்கி, எடையின் ஆறு மடங்கால் வகுத்தால் நிமிஷக் கணக்கு வரும்: 3.44 பெருக்கல் 11.5, வகுத்தல் 6.6. விடை 6. சரி, கணக்கு உட்கார்ந்துவிட்டது. செறிவையும் பாருங்கள்: லிட்டருக்கு டெக்ஸ்ட்ரோஸ் கிராமை ஐந்தாலும், அமினோ அமில கிராமை பத்தாலும் பெருக்கிக் கூட்டினால் 840 பக்கம் வரும், கால்சியம் சேர்ந்தால் 880 பக்கம். கை நரம்புக்கு எல்லைக் கோட்டில் நிற்கிறது. நாளைக்கு இதைவிடக் கெட்டியாகும், ஆக இந்தக் குழந்தைக்கு உள் லைன்தான்.

கலோரி? சர்க்கரை 9.5 கிராமுக்கு 3.4 வீதம் 32, கொழுப்பு 1.1 கிராமுக்கு 11, புரதம் 2.2 கிராமுக்கு 9க்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 52, கிலோவுக்கு 47. முதல் நாளுக்கு 45 முதல் 55 வரை போதும்.

புதியவர்கள் எல்லாரும் மறப்பது ஒன்று உண்டு. 82.5 மில்லி கலந்தால் 82.5 மில்லி குழந்தைக்குப் போகாது. குழாய் நிரப்பவே பத்துப் பதினைந்து மில்லி போய்விடும், விடியற்காலை நாலு மணிக்கு சிரிஞ்ச் காலியாகிவிடும். அதனால் எல்லாவற்றையும் 1.2ஆல் பெருக்கிக் கலக்குங்கள்: அமினோ அமிலம் 26.4, கால்சியம் 5.3, டெக்ஸ்ட்ரோஸ் 25 சதவீதம் 31.1, 10 சதவீதம் 36.2. மொத்தம் 99 மில்லி. ஓடும் வேகம் மட்டும் அதே 3.4. வேகத்தையும் 1.2ஆல் பெருக்கிவிட்ட ஒரு ஜூனியரை நான் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன், நல்ல வேளை பம்ப் ஓடவில்லை.

நீங்கள் போட்ட கணக்கை இன்னொருவர், உங்கள் விடையைப் பார்க்காமல், தனியாக முதலிலிருந்து போட வேண்டும். “நான் போட்டுட்டேன், நீ ஒரு தடவை பாத்து கையெழுத்துப் போடு” என்பது சரிபார்ப்பு ஆகாது.

கலப்பது

ஃப்ளோவை அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். வளையல், மோதிரம், வாட்ச் கழற்றி, முழங்கை வரை கழுவி, கவுன், மாஸ்க், ஸ்டெரைல் கிளவுஸ். கலக்கும்போது ஃபோனை எடுக்காதீர்கள், கூப்பிட்டால் பேசாதீர்கள். எங்கள் யூனிட்டில் கதவில் ஒரு சிவப்புத் துணி கட்டுவோம், அது தொங்கினால் உள்ளே யாரும் வரக் கூடாது. நல்ல பழக்கம், செலவு பத்து ரூபாய்.

வரிசை முக்கியம். டெக்ஸ்ட்ரோஸும் அமினோ அமிலமும் முதலில். பாஸ்பேட் இருந்தால் அடுத்தது. கால்சியம் கடைசியில், நடுவில் பாட்டிலை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே. கால்சியமும் பாஸ்பேட்டும் நேருக்கு நேர் முட்டினால் வீழ்படிவு வரும், கண்ணுக்கே தெரியாத துகள் நுரையீரலில் போய் அடைக்கும். 1994இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதனால் இறப்பு நேர்ந்தது என்று எச்சரிக்கையே விட்டது. கலந்து முடித்ததும் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு முறை, கறுப்புத் துணிக்கு எதிரே ஒரு முறை பிடித்துப் பாருங்கள். கலங்கலாகத் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். கொழுப்பை இதில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

ஆம்பூல்கள். பொட்டாசியம் குளோரைடு 15 சதவீதமும் மற்ற ஆம்பூல்களும் ராத்திரி விளக்கில் ஒரே மாதிரி இருக்கும். பொட்டாசியத்தைத் தனி டப்பாவில், தனி அலமாரியில், பூட்டி வையுங்கள். எடுக்கும்போது பெயரை வாய்விட்டுப் படியுங்கள், கேலி செய்வார்கள், செய்யட்டும்.

அமினோ அமில பாட்டில் 100 மில்லி, நமக்கு வேண்டியது 26.4. மிச்சத்தை என்ன செய்வது என்று மனசு அடித்துக்கொள்ளும், விலை தெரிந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. நாளைக்கு என்று ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று குழந்தைக்கு ஒரே நேரத்தில், ஒரே அமர்வில், ஃப்ளோவுக்குள்ளேயே பிரித்துக்கொண்டால் வீணாவது குறையும். காலை பதினோரு மணிக்கு எல்லார் கணக்கும் தயாராக இருக்க வேண்டும் என்று டாக்டர்களை நச்சரித்தால் இது நடக்கும்.

மாட்டுவது

லைனின் வாயைக் குளோர்ஹெக்ஸிடின் ஸ்பிரிட் துணியால் பதினைந்து வினாடி தேய்த்து, காய விட்டு, பிறகு இணையுங்கள். காய விடுவதுதான் வேலை, நனைத்தது வேலை இல்லை. அமினோ அமிலத்துக்கு 0.2 மைக்ரான் ஃபில்டர், கொழுப்புக்கு 1.2 மைக்ரான், கிடைத்தால். கொழுப்பு சிரிஞ்சும் குழாயும் வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். போட்டோதெரபி விளக்கு அடியில் அது கெட்டுப்போய் பெராக்சைடு உண்டாகும். பழுப்பு நிற சிரிஞ்ச் இல்லையென்றால் அலுமினியம் ஃபாயில் சுற்றுங்கள், வீட்டில் சப்பாத்தி சுற்றுகிற அதேதான். அளவு தெரிவதற்கு மட்டும் ஒரு சின்னச் சாளரம் விடுங்கள்.

அந்தச் சாளரம் ஏன் என்று சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு பம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், ஒரே கம்பெனி, ஒரே நிறம். ராத்திரி ஷிஃப்ட் மாறும் நேரம். கொழுப்பு பம்பில் 3.4, அமினோ அமில பம்பில் 0.23 என்று மாற்றிப் போட்டுவிட்டேன். போட்டது நான்தான். ஐம்பது நிமிஷம் கழித்து ஃபாயிலின் ஓட்டை வழியாகப் பார்த்தால் 5.5 மில்லி சிரிஞ்சில் பாதி இல்லை. சர்க்கரை 38. இரண்டையும் நிறுத்தி, டெக்ஸ்ட்ரோஸ் போட்டு, டாக்டரை எழுப்பி, அவர் கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். ரத்தம் எடுத்தபோது மேலே பாலாடை மாதிரி வெண்மை மிதந்தது. அந்தக் குழந்தை தேறி வீட்டுக்குப் போனது. அன்றிலிருந்து கொழுப்பு பம்ப் எப்போதும் கீழே, மஞ்சள் பிளாஸ்டர் ஒட்டி, குழந்தையின் முனையிலிருந்து பம்ப் வரை விரலால் குழாயைத் தடவிக்கொண்டே போய்ப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் பட்டன்.

வயிற்றுக்குப் போகும் குழாயும் நரம்புக்குப் போகும் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்க விடாதீர்கள். இரண்டிலும் வெள்ளையாக ஒன்று ஏறும். பால் சிரிஞ்சை நரம்பு லைனில் இணைத்துவிட்ட விபத்துகள் உலகத்தில் நடந்திருக்கின்றன. அன்று விடியற்காலை அந்தப் பாட்டிகூட எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா சிஸ்டரு, ஊசி வழியாவே பால் ஏத்துறீங்களா?” “இல்ல பாட்டி, அது எண்ணெய்ச் சத்து. பால் அவங்க அம்மாகிட்டேருந்துதான் வரணும். சேனை வைக்கிறேன், கழுதைப்பால் சொட்டு விடுறேன்னு எதையும் உள்ள எடுத்துட்டு வந்துடாதீங்க.” அவர் இடுப்பில் செருகியிருந்த சின்னப் புட்டியை மெதுவாக மறைத்தார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, மருமகளுக்குப் பால் பீய்ச்சக் கற்றுக்கொடுக்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

டி.பி.என். லைனில் வேறு மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக்குக்குத் தனி கேனுலா. கால்சியம் ஓடும் குழந்தைக்கு செஃப்ட்ரியாக்ஸோன் என்கிற ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். பைகார்பனேட்டும் கால்சியத்தோடு சேராது. இருபத்து நாலு மணி நேரம் ஆனதும் மிச்சம் இருந்தாலும் இறக்கிவிட வேண்டும்.

திடீரென்று லைன் போய்விட்டால் பதறாமல் வேறு நரம்பில் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸை அதே வேகத்தில் ஓட விட்டு, அரை மணியில் சர்க்கரை பாருங்கள். கரண்ட் போனாலும் பம்ப் நிற்கக் கூடாது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நம் பக்கத்தில் பல ஊர்களுக்கு நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. உங்கள் வார்டில் ஒவ்வொரு பம்பின் பேட்டரியும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஐப்பசி பிறப்பதற்குள் நீங்களே ஓட்டிப் பார்த்து, பம்பின் முதுகில் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தடுத்த நாட்கள்

திரவத்தை நாளுக்குக் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி கூட்டி 150 வரை கொண்டு போவார்கள். ஆனால் இது நாள்காட்டியைப் பார்த்துக் கூட்டுவதில்லை. எடை, சிறுநீர், சோடியம் மூன்றையும் பார்க்க வேண்டும். இந்தக் குழந்தையின் தோல் வெங்காயச் சருகு மாதிரி, திறந்த வார்மரில் படுக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சோடியம் 150 ஆகிவிட்டால் பெரும்பாலும் உப்பு கூடிப் போகவில்லை, தண்ணீர் குறைந்துவிட்டது. பிளாஸ்டிக் உறை போடுங்கள், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் பாருங்கள். முதல் வாரத்தில் எடையில் நூற்றுக்குப் பத்து, சிலதில் பதினைந்து வரை இறங்கும், பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அப்புறம் நாளுக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம்.

அமினோ அமிலம் கிலோவுக்கு 3 முதல் 3.5 கிராம் வரை இரண்டு மூன்று நாளில் போய்விடும். கொழுப்பு தினம் ஒரு கிராம் கூடி 3 கிராம் வரை, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு 265ஐத் தாண்டாமல். சர்க்கரை வேகம் 8, 10 வரை, 12ஐத் தாண்ட வேண்டாம். ரத்தச் சர்க்கரை இரண்டு முறை 180க்கு மேல் வந்தால் வேகத்தைக் குறைக்கலாம், நாலுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். நேற்று வரை சரியாக இருந்த குழந்தைக்கு இன்று ஒன்றும் மாற்றாமலே சர்க்கரை ஏறுகிறது என்றால் கிருமித் தொற்று என்று முதலில் சந்தேகப்படுங்கள். மெலிந்து பிறந்த குழந்தைக்கு மூன்றாம் நாள் வாக்கில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரேலென்று இறங்கும். பட்டினி கிடந்த செல்லுக்குள் சத்து போகும்போது அவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது, தசை தளர்ந்து மூச்சுக் கருவியிலிருந்து இறங்காமல் படுத்தும். வைட்டமின், துத்தநாகம் எல்லாம் டாக்டர் ஆர்டரில் இருக்கும், அதை மறக்காமல் சேர்த்தால் போதும்.

சர்க்கரை முதலில் நாலு முதல் ஆறு மணிக்கு ஒரு முறை, நிலைத்த பிறகு நாளுக்கு இரண்டு முறை. சோடியம், பொட்டாசியம் முதல் சில நாள் தினமும். கல்லீரல் சோதனை வாரம் ஒரு முறை. இரண்டு வாரத்துக்கு மேல் ஓடினால் மலம் வெளுக்கிறதா என்று டயப்பரைத் தவறாமல் பாருங்கள். பித்தம் தேங்குகிறது என்பதை லேபுக்கு முன்னால் டயப்பர் சொல்லும்.

பால்

இத்தனையும் நாற்றங்கால்தான், நடவு பாலில். பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் அம்மா பீய்ச்ச ஆரம்பிக்க வேண்டும், நாளுக்கு எட்டு முறை. முதல் நாள் நாலு சொட்டுதான் வரும். அதை “பால் இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள், அந்தச் சொல்லுக்கே பால் வற்றிவிடும். சீம்பாலைக் கன்னத்தின் உட்புறம் தடவுங்கள். வயிறு சரியாக இருந்தால் நாளுக்குக் கிலோவுக்கு 10, 20 மில்லி என்று ஆரம்பித்து, 20 முதல் 30 வரை தினமும் கூட்டலாம். அம்மா வேறு ஊரில் இருந்தால் அப்பா ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம். புட்டியில் பெயர், தேதி, நேரம் இருக்க வேண்டும். அதற்கும் வழியில்லாவிட்டால் தாய்ப்பால் வங்கியைக் கேளுங்கள், அதுவரை பவுடர் டப்பாவை யாரும் திறக்க வேண்டாம். அம்மாவை இங்கேயே மாற்றிக் கொண்டுவர முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். குழந்தைக்கான மருந்தும் வண்டியும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம் என்பது பல அப்பாக்களுக்குத் தெரியாது, சங்கிலியை அடகு வைத்துவிட்டு வந்து நிற்பார்கள்.

வயிறு உப்பினால், பச்சையாக வாந்தி வந்தால், மலத்தில் ரத்தம் வந்தால் பாலை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். ஒரு முறை வயிற்றில் கொஞ்சம் பால் மிச்சம் இருந்தது என்பதற்காக மட்டும் நிறுத்த வேண்டாம். அப்படி நிறுத்தி நிறுத்தித்தான் பல குழந்தைக்கு டி.பி.என். மூன்று வாரம் இழுக்கிறது.

இறக்குவது

பால் ஏற ஏற, அதே மொத்தத்துக்குள் டி.பி.என். குறையும். பால் நாளுக்குக் கிலோவுக்கு 100 மில்லியைத் தொடும்போது பாலில் சேர்க்கும் சத்துப் பொடியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 100, 120 மில்லிக்குப் பால் வந்து, வயிறு ஒத்துழைத்தால் டி.பி.என். நிறுத்திவிடலாம். “இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும், கைவசம் லைன் இருந்தா நல்லது” என்று யாராவது சொன்னால் கணக்கு நோட்டை எடுத்துக் காட்டுங்கள். தேவையில்லாத லைன் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு வாசல்.

எடுக்கும்போது மெதுவாக இழுங்கள், தடைபட்டால் பலம் காட்டாதீர்கள். வெளியே வந்ததும் நீளத்தை அளந்து, போட்ட நாள் எழுதி வைத்த நீளத்தோடு ஒப்பிட்டு, முழுதாக வந்தது என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அடுத்த இரண்டு பாலுக்கு முன்பு சர்க்கரை பாருங்கள். கங்காரு பராமரிப்பை (அம்மாவின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைப்பதை) அதற்கு முன்பே ஆரம்பித்திருப்பீர்கள், இப்போது நேரத்தைக் கூட்டுங்கள். அன்றைக்கே அம்மாவின் கையேட்டில் கண் பரிசோதனைத் தேதியையும் எழுதிவிடுங்கள், பிறந்து நாலு வாரத்துக்குள், 1200 கிராமுக்குக் கீழே பிறந்ததால் நம் குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. எழுதுவதோடு விடாமல், எந்தக் கிழமை, எந்த அறை, எத்தனை மணி பஸ்ஸில் வந்தால் சரியாக இருக்கும் என்பதையும் அந்தப் பாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.